அப்சிடியனில் சாளரம் காணாமல் போனால்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

எங்கள் மொழிபெயர்ப்புக் குழுவில் எல்லோரும் அப்சிடியன் என்ற குறிப்பெழுதும் செயலியில்தான் வேலை செய்கிறோம். ஒரு சாளரத்தில் மூலநூல், பக்கத்தில் வரைவு, இரண்டாவது திரையில் சொற்பட்டியல் என்று ஆளுக்கு மூன்று நான்கு சாளரங்களைப் பரப்பி வைத்திருப்போம். அவற்றில் ஒன்று கலைந்தாலும் என் கைபேசி ஒலிக்கும். மூன்று ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சரிசெய்தவை சில கோளாறுகள்தாம். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் திரையில் எது தெரிகிறதோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொரு தலைப்பின் கீழும் காசும் நேரமும் செலவாகாத சோதனையை முதலில் வைத்திருக்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. சாளரம் வேறு, குறிப்பு வேறு. நீங்கள் எழுதிய குறிப்புகள், அப்சிடியன் ‘வால்ட்’ என்று அழைக்கும் பெட்டகக் கோப்புறையில், தனித்தனி மார்க்டவுன் கோப்புகளாக (சாதாரண உரைக் கோப்புகளாக) இருக்கின்றன. எந்தக் குறிப்பு எந்தச் சாளரத்தில் திறந்திருந்தது என்ற கணக்கு மட்டும் அதே பெட்டகத்துக்குள், புள்ளியில் தொடங்கும் ‘.அப்சிடியன்’ என்ற மறைவான கோப்புறையில் இருக்கிறது. சாளரம் மறைந்தால் பெரும்பாலும் அந்தக் கணக்குதான் குழம்பியிருக்கும். எழுத்து அப்படியே இருக்கும். இது தெரியாமல், பதற்றத்தில் பெட்டகத்தையே அழித்துவிட்டுச் செயலியை மறுபடி நிறுவியவர்களைப் பார்த்திருக்கிறேன். போகாத எழுத்து அப்போதுதான் போகிறது.

## எதைத் தொடும் முன்பும்

செயலியை முழுவதுமாக மூடுங்கள். ‘.அப்சிடியன்’ கோப்புறையை அப்படியே நகலெடுத்து, பெட்டகத்துக்கு வெளியே, தேதியைப் பெயராகக் கொடுத்து வையுங்கள். கோப்புறை கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் மேக்கில் கமாண்ட், ஷிஃப்ட், முற்றுப்புள்ளி மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். லினக்ஸ் கோப்பு மேலாளர் பலவற்றில் கண்ட்ரோலுடன் ஹெச். விண்டோஸில் கோப்பு உலாவியின் ‘வியூ’ பட்டியலில் மறைந்த கோப்புகளைக் காட்டும் தேர்வு இருக்கிறது.

உள்ளே ஏறக்குறைய ஒரே பெயரில் இரண்டு கோப்புகளைக் காண்பீர்கள். ‘வொர்க்ஸ்பேஸ்.ஜேசன்’ என்பது இந்த நிமிடம் திரை எப்படி இருக்கிறது என்ற பதிவு. செயலியே அதை ஓயாமல் திருத்தி எழுதிக்கொண்டிருக்கும். ‘வொர்க்ஸ்பேசஸ்.ஜேசன்’ என்று பன்மையில் இருப்பது, நீங்கள் பெயர் சூட்டிச் சேமித்த லேஅவுட்டுகளின், அதாவது சாளர அடுக்குகளின், தொகுப்பு. கடைசியில் வரும் ஒரே ஒரு ‘ஸ்’தான் வித்தியாசம். முதலாவது போனால் ஐந்து நிமிடத்தில் மறுபடி அடுக்கிவிடலாம். இரண்டாவது போனால் மாதக்கணக்கில் செதுக்கிய அமைப்பு போய்விடும். பெயரை இரண்டு முறை படித்துவிட்டுக் கை வையுங்கள்.

## அறிகுறி: திறந்தால் திரை காலி, நேற்றிருந்த எதையும் காணவில்லை

முதலில் திரையின் இடப்பக்கக் கீழ்மூலையில் பெட்டகத்தின் பெயரைப் பாருங்கள். வேறு பெட்டகம் திறந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். எனக்கு வரும் அழைப்புகளில் கணிசமானவை இந்த இடத்திலேயே முடிந்துவிடுகின்றன. பழைய நகல் ஒன்றும் புதியது ஒன்றுமாக ஒரே பெயரில் இரண்டு பெட்டகங்கள் இருந்தால் குழப்பம் இன்னும் கூடும். பழையதின் பெயரை இன்றே மாற்றி வைத்துவிடுங்கள்.

பெட்டகம் சரிதான் என்றால், கண்ட்ரோலுடன் ஓ அழுத்தி (மேக்கில் கமாண்டுடன்), நேற்று எழுதிய குறிப்பின் பெயரில் நான்கு எழுத்தைத் தட்டுங்கள். வந்துவிட்டதா? எழுத்து பத்திரமாக இருக்கிறது, லேஅவுட் மட்டும்தான் போயிருக்கிறது, தொடர்ந்து படியுங்கள். வரவில்லையா? இந்தத் தலைப்பை விட்டுவிட்டு, கடைசியில் உள்ள ‘குறிப்பே இல்லை’ என்ற பகுதிக்குப் போங்கள்.

லேஅவுட் மட்டும் போயிருந்தால், நேற்று எப்படி மூடினீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். முதன்மைச் சாளரத்திலிருந்து வெளியே எடுத்த தனிச்சாளரங்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டுக் கடைசியாக முதன்மைச் சாளரத்தை மூடியிருந்தால், அவை வேண்டாம் என்று நீங்களே சொன்னதாகத்தான் செயலி எடுத்துக்கொள்ளும். மறுநாள் அவை வரமாட்டா. முதன்மைச் சாளரத்தை நேரடியாக மூடினால் மற்றவை தாமே அதனுடன் மூடும், அடுத்த முறை தாமே திரும்பி வரும். மேசையை ஒழுங்குபடுத்துவதுபோல் ஒவ்வொன்றாக மூடும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரும். தவறுதலாக ஒன்றிரண்டு டேப்களை மட்டும் மூடிவிட்டால், கண்ட்ரோல், ஷிஃப்ட், டி. உலாவியில் மூடிய டேப்பைத் திரும்பக் கொண்டுவர அழுத்தும் அதே விசைகள்தாம்.

இவை எதுவுமே இல்லை, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் லேஅவுட் உடைந்தே வருகிறது என்றால், பதிவுக் கோப்பு சிதைந்திருக்கலாம். செயலியை மூடி, ஒருமையில் உள்ள ‘வொர்க்ஸ்பேஸ்.ஜேசன்’ கோப்பின் பெயர் முன்னால் ‘பழைய’ என்று சேர்த்துவிட்டுத் திறந்து பாருங்கள். செயலி வெறும் லேஅவுட்டுடன் புதிய கோப்பை எழுதிக்கொள்ளும். பிறகு சேமித்த லேஅவுட்டை ஏற்றினால் போதும். கோப்பை அழிக்க வேண்டாம், பெயரை மாற்றினாலே போதுமானது.

## அறிகுறி: சேமித்த லேஅவுட்டை ஏற்றினால் பழைய நிலை வருகிறது

இதில் கோளாறு எதுவும் இல்லை. ஆனால் அதிகமானோர் மனம் நொந்துபோவது இந்த இடத்தில்தான். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வொர்க்ஸ்பேஸ் என்பது கோர் பிளகின்களில், அதாவது செயலியோடு கூடவே வரும் துணைநிரல்களில், ஒன்று. செட்டிங்ஸில் கோர் பிளகின்ஸ் பட்டியலில் ‘வொர்க்ஸ்பேசஸ்’ என்பதை இயக்கி வைத்தால்தான் லேஅவுட்டைப் பெயரிட்டுச் சேமிக்க முடியும். சேமித்தபின் நீங்கள் செய்யும் மாற்றங்கள் அந்தப் பெயரில் தாமாகச் சேர்வதில்லை. ‘மொழிபெயர்ப்பு’ என்ற லேஅவுட்டைத் திங்கட்கிழமை சேமித்தீர்கள். செவ்வாயன்று அதில் நான்கு டேப் கூட்டினீர்கள், சொற்பட்டியலைத் தனிச்சாளரமாக வெளியே எடுத்தீர்கள். புதன்கிழமை ‘மெய்ப்பு’ லேஅவுட்டுக்குப் போய்விட்டுத் திரும்ப ‘மொழிபெயர்ப்பு’ என்று ஏற்றினால், வருவது திங்கட்கிழமைத் திரை. செவ்வாய்க்கிழமை அடுக்கியது எங்கும் பதிவாகவில்லை. அது புகைப்படம் மாதிரி. எடுத்த நொடியில் இருந்ததைத்தான் காட்டும்.

மருந்து ஒன்றே ஒன்று: இடம் மாறும் முன் சேமிப்பது. அதை நினைவில் வைத்துக்கொள்வது கடினம் என்பதால் விசையில் கட்டிவிடுவது நல்லது. கட்டளைப் பட்டியலைத் திறந்து (கண்ட்ரோலுடன் பி, அச்செடுக்க அழுத்தும் அதே பி) ‘சேவ் அண்ட் லோட் அனதர் லேஅவுட்’ என்று தேடுங்கள். இருப்பதைச் சேமித்துவிட்டு அடுத்ததை ஏற்றும் கட்டளை அது. செட்டிங்ஸில் ஹாட்கீஸ் பகுதிக்குப் போய் அதற்கு ஒரு குறுக்குவிசை கொடுத்து, லேஅவுட் மாற்ற எப்போதும் அதையே பயன்படுத்துங்கள். எங்கள் குழுவில் எல்லோருடைய கணினியிலும் இதைச் செய்து வைத்த பிறகு இந்த அழைப்பு ஏறக்குறைய நின்றுவிட்டது.

இதற்கு ஒரு கிளை உண்டு. குலைந்த திரையை நல்ல லேஅவுட்டின் பெயரிலேயே சேமித்துவிட்டால் பழையது மேலெழுதப்பட்டுவிடும். பின்வாங்கும் வழி செயலிக்குள் இல்லை. தேதி போட்டு வைத்த நகலிலிருந்து ‘வொர்க்ஸ்பேசஸ்.ஜேசன்’ கோப்பை, செயலி மூடியிருக்கும்போது, திரும்ப வைத்தால் சரியாகிவிடும். நகல் இல்லை என்றால் கையால் அடுக்குவதுதான் வழி.

லேஅவுட் வருகிறது, ஒரு டேப் மட்டும் காலியாக வருகிறது என்றால், அந்தக் குறிப்பின் பெயரையோ கோப்புறையையோ சேமித்தபின் மாற்றியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அந்த டேப்பில் குறிப்பைத் திறந்து, அதே பெயரில் மறுபடி சேமியுங்கள்.

## அறிகுறி: தனிச்சாளரம் திறந்திருக்கிறது, ஆனால் திரையில் இல்லை

குழுவில் மூத்தவரான ஓர் அக்கா வியாழக்கிழமை மாலை அழைத்தார். சொற்பட்டியல் சாளரம் கீழ்ப்பட்டையில் தெரிகிறது, அதன் மேல் சுட்டியை வைத்தால் சிறு படமும் தெரிகிறது, சொடுக்கினால் மட்டும் எதுவும் வருவதில்லை என்றார். “உங்கள் இரண்டாவது திரை இப்போது எங்கே அக்கா?” என்று கேட்டேன். மகனின் தேர்வுக்காக அந்த அறையில் கொண்டுபோய் வைத்திருக்கிறாராம். சாளரம் தன் பழைய இடத்திலேயே, இல்லாத திரையின்மேல், உட்கார்ந்திருந்தது.

திரையைத் திரும்ப இணைக்க முடியுமானால் இணைத்து, சாளரத்தை மடிக்கணினித் திரைக்கு இழுத்துவிடுங்கள். முடியாதென்றால், விண்டோஸில் அந்தச் சாளரத்தைக் கீழ்ப்பட்டையில் சொடுக்கிவிட்டு, விண்டோஸ் விசை, ஷிஃப்ட், இட அம்பு மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வரவில்லை என்றால் வல அம்பு. அக்காவுக்கு இரண்டாவது அழுத்தலில் வந்தது. மேக்கில் மிஷன் கண்ட்ரோலைத் திறந்தால் எந்தத் திரைத்தளத்தில் (ஸ்பேஸ்) ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அடிக்கடி இடம் மாறினால், டெஸ்க்டாப் அண்ட் டாக் அமைப்புகளில், கடைசியாகப் பயன்படுத்திய வரிசைப்படி தளங்களைத் தானாக மாற்றியடுக்கும் தேர்வை அணைத்துவிடுங்கள்.

அம்பு விசைகளுக்கும் மசியவில்லை என்றால் பதிவுக் கோப்பைத் திருத்தலாம். செயலியை மூடி, நகலெடுத்துக்கொண்டு, ஒருமை ‘வொர்க்ஸ்பேஸ்.ஜேசன்’ கோப்பைச் சாதாரண உரைத்திருத்தியில் திறந்தால் ‘ஃப்ளோட்டிங்’ என்ற பகுதியின் கீழ் ஒவ்வொரு தனிச்சாளரத்துக்கும் எக்ஸ், ஒய் என்று இரண்டு எண்கள் இருக்கும். மடிக்கணினித் திரைக்குள் அடங்காத பெரிய எண்ணோ, கழித்தல் குறியுள்ள எண்ணோ இருந்தால் அதுதான் காரணம். இரண்டையும் 100 என்று மாற்றிச் சேமித்துவிட்டுத் திறங்கள். காற்புள்ளி ஒன்று பிசகினாலும் கோப்பு செல்லாததாகிவிடும். கை நடுங்கும் என்றால், முன்னே சொன்னபடி கோப்பின் பெயரை மாற்றிப் புதிதாகத் தொடங்குவதே நல்லது.

இரண்டாவது திரையையே கணினி கண்டுகொள்ளவில்லை என்றால் அப்சிடியனை விட்டுவிடுங்கள். முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். அடுத்து, நடுவில் உள்ள டாக் அல்லது அடாப்டரை எடுத்துவிட்டு நேராக இணையுங்கள். அதன்பின் வேறு திரை. நல்ல கேபிள், நல்ல திரை, நேரடி இணைப்பு மூன்றும் இருந்தும் படம் வரவில்லை என்றால் கணினியின் இணைப்புத் துளையோ கிராஃபிக்ஸ் பகுதியோ பழுது. அது கணினி பழுதுபார்ப்பவரின் வேலை.

## அறிகுறி: இணைப்பைச் சொடுக்கினால் படித்துக்கொண்டிருந்த குறிப்பு மறைகிறது

மறைந்த குறிப்பு அதே டேப்பில் பின்னால் இருக்கிறது. மேலே உள்ள இட அம்பைச் சொடுக்கினால் வந்துவிடும். மறுபடி நேராமலிருக்க, கலையக்கூடாத டேப்பின் மேல் வலச்சொடுக்கி ‘பின்’ செய்துவிடுங்கள். பின்குத்திய டேப்பில் எந்த இணைப்பைச் சொடுக்கினாலும் அது வேறு டேப்பில்தான் திறக்கும். சொற்பட்டியலையும் மூலநூலையும் நாங்கள் எப்போதும் பின்குத்தியே வைக்கிறோம்.

விரல்களுக்குப் பழக்க வேண்டியது இது: கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு சொடுக்கினால் புதிய டேப். ஆல்ட்டையும் சேர்த்தால் பக்கத்தில் புதிய பிரிவு. ஷிஃப்ட்டையும் சேர்த்தால் புதிய சாளரம். மேக்கில் கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட்.

ஒரு பிரிவில் குறிப்பை மாற்றினால் இன்னொன்றும் கூடவே மாறுகிறதா? இரண்டு டேப்களும் பிணைக்கப்பட்டிருக்கின்றன. டேப்பின் தலையில் உள்ள சங்கிலிக் குறியைச் சொடுக்கிப் பிரித்துவிடுங்கள். டேப்கள் சீட்டுக்கட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி நின்றால், டேப் பட்டையின் வலக்கோடியில் உள்ள கீழ் அம்பில் ‘ஸ்டாக் டேப்ஸ்’ இயங்கிக்கொண்டிருக்கும். அணைத்துவிடுங்கள்.

## அறிகுறி: தனிச்சாளரத்தில் பொத்தானோ குறுக்குவிசையோ வேலை செய்யவில்லை

சாளரத்தின் எழுத்துப் பகுதியில் ஒருமுறை சொடுக்கிவிட்டு முயலுங்கள். கவனம் இன்னும் முதன்மைச் சாளரத்தில் இருந்திருக்கலாம். தேடுவது பக்கப்பட்டையை என்றால், தனிச்சாளரத்தில் பக்கப்பட்டைகள் கிடையா. முதன்மைச் சாளரத்துக்குத்தான் போக வேண்டும்.

முதன்மைச் சாளரத்தில் சரியாக வேலை செய்வது தனிச்சாளரத்தில் மட்டும் செய்யவில்லை என்றால், சந்தேகம் வெளியார் எழுதிய பிளகின்மேல் திரும்ப வேண்டும். செட்டிங்ஸில் கம்யூனிட்டி பிளகின்ஸ் பகுதிக்குப் போய் ‘ரெஸ்ட்ரிக்டட் மோட்’ என்பதை இயக்குங்கள். எல்லா வெளிப் பிளகின்களும் ஒருசேர ஓய்வெடுக்கும். கோளாறு அப்படியே இருக்கிறதா? பிளகின்கள் நிரபராதிகள். போய்விட்டதா? அவற்றில் ஒன்றுதான் காரணம்.

எதுவென்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பாதியை அணையுங்கள். கோளாறு எந்தப் பாதியோடு போகிறதோ அதை மறுபடி பாதியாக்குங்கள். பதினாறு பிளகின் இருந்தாலும் நான்கு சுற்றில் குற்றவாளி கையில் கிடைத்துவிடும். கிடைத்தபின் அதைப் புதுப்பித்துப் பாருங்கள். 2024இல் வந்த 1.7 பதிப்பு முதல், கண்ணில் படாத டேப்களை அப்சிடியன் தொடக்கத்திலேயே ஏற்றாமல் தள்ளிவைக்கிறது. அதற்கேற்பத் திருத்தப்படாத பழைய பிளகின்கள், டேப் காலியாக இருப்பதாக எண்ணித் தடுமாறும். புதுப்பித்தும் தீரவில்லை என்றால், கட்டளைப் பட்டியலில் ‘ஷோ டீபக் இன்ஃபோ’ தரும் விவரத்தை நகலெடுத்து, எந்தச் சாளரத்தில் எதைச் செய்யும்போது நேர்கிறது என்று இரண்டு வரி சேர்த்து, பிளகினை எழுதியவருக்கு அனுப்புங்கள். அவர் பார்க்கும்வரை அந்தப் பிளகினை அணைத்தே வையுங்கள்.

## அறிகுறி: கணினி திணறுகிறது, அல்லது சாளரம் கறுப்பாகத் திறக்கிறது

திணறலுக்கு முதல் சந்தேகம், குறிப்புகளுக்கிடையிலான இணைப்புகளை வரைந்துகாட்டும் வரைபடக் காட்சி (கிராஃப் வியூ). ஆயிரக்கணக்கான குறிப்புகள் உள்ள பெட்டகத்தில் அதைத் தனிச்சாளரமாகத் திறந்து மறந்துவிட்டால் விசிறி ஓயாது. மூடிவிட்டு இரண்டு நிமிடம் பாருங்கள். பிறகு ரெஸ்ட்ரிக்டட் மோட் சோதனை. அதற்கும் அடங்கவில்லை என்றால் கணினியில் வேறென்ன திறந்திருக்கிறது என்று பாருங்கள். ஐம்பது டேப் உள்ள உலாவிதான் நினைவகத்தை விழுங்கிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் பார்த்து முடித்தபிறகுதான் ரேம் கூட்டுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

சாளரம் கறுப்பாகவோ வெள்ளையாகவோ உறைந்தால், செட்டிங்ஸில் அப்பியரன்ஸ் பகுதியின் அடியில் ‘ஹார்ட்வேர் ஆக்சலரேஷன்’ என்பதை அணைத்துச் செயலியை மறுதொடக்கம் செய்யுங்கள். பலன் இல்லையெனில், ஜெனரல் பகுதியில் இரண்டு எண்கள் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று செயலியின் பதிப்பு, மற்றது நிறுவியின் பதிப்பு. செயலி தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும்போது நிறுவி பழையதாகவே நின்றுவிடும். அதிகாரபூர்வத் தளத்திலிருந்து நிறுவியைப் புதிதாக இறக்கி, இருப்பதன் மேலேயே நிறுவுங்கள். பெட்டகத்தைத் தொட வேண்டியதில்லை. மற்றச் செயலிகளிலும் திரை சிமிட்டினால் கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள். அப்படியும் தொடர்ந்தால் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

## அறிகுறி: ஒரு கணினியில் அடுக்கியதை இன்னொரு கணினி கலைக்கிறது

அலுவலக மேசைக்கணினியும் வீட்டு மடிக்கணினியும் ஒரே பெட்டகத்தைப் பொதுவான ஒத்திசைவுச் சேவை ஒன்றின் வழியே பகிர்ந்துகொண்டால், இரண்டும் ஒரே ‘வொர்க்ஸ்பேஸ்.ஜேசன்’ கோப்பில் மாறி மாறி எழுதும். இரண்டு திரைக்காக அடுக்கியது ஒரு திரையில் வந்து நொறுங்கும், ‘முரண் நகல்’ கோப்புகளும் குவியும். ஒத்திசைவில் அந்த ஒருமைக் கோப்பை மட்டும் விலக்குங்கள். கிட் (கோப்புகளின் பதிப்புகளைக் கண்காணிக்கும் கருவி) பயன்படுத்துபவர்கள், அது கண்டுகொள்ளாமல் விடவேண்டியவற்றின் பட்டியலான கிட்இக்னோரில் சேர்ப்பதோடு நிறுத்தக்கூடாது. ஏற்கெனவே கண்காணிப்பில் உள்ள கோப்பை அதிலிருந்து நீக்கினால்தான் பலிக்கும். அப்சிடியனின் சொந்த ஒத்திசைவுச் சேவை இந்தக் கோப்பை அனுப்புவதே இல்லை. கைபேசிக்குத் தனிக் கோப்பு இருப்பதால் அங்கே கவலையில்லை. தனிச்சாளரமும் அங்கே கிடையாது.

## அறிகுறி: சாளரம் மட்டுமல்ல, குறிப்பே இல்லை

இங்கே வேகம் வேண்டாம். முதலில் தேடல் பெட்டியில் குறிப்புக்குள் எழுதிய ஓர் அரிய சொல்லைத் தேடுங்கள். தலைப்பு மாறியிருந்தாலும் உள்ளே இருக்கும் சொல் காட்டிக்கொடுக்கும். இல்லையென்றால் கணினியின் குப்பைத்தொட்டி. செட்டிங்ஸில் அப்சிடியனின் சொந்தக் குப்பைக்கு அனுப்பச் சொல்லியிருந்தால், பெட்டகத்துக்குள் ‘.ட்ராஷ்’ என்ற மறைந்த கோப்புறை.

அடுத்தது ‘ஃபைல் ரெக்கவரி’ என்ற கோர் பிளகின். மாற்றாமல் விட்டிருந்தால், திருத்தப்படும் குறிப்புகளை 5 நிமிட இடைவெளியில் படமெடுத்து 7 நாள் வைத்திருக்கும். அதன் அமைப்புப் பக்கத்தில் குறிப்பின் பெயரைக் கொடுத்தால் நகல்கள் வரிசையாக வரும். இந்த நகல்கள் அந்தந்தக் கணினியில் மட்டுமே இருப்பவை. ஆகவே எந்தக் கணினியில் கடைசியாக எழுதினீர்களோ அதில் தேடுங்கள். மொத்த அத்தியாயம் ஒன்று இப்படித்தான் எங்களுக்கு ஆறாம் நாள் கிடைத்தது. இரண்டு நாள் தயங்கியிருந்தால் கிடைத்திருக்காது.

பல குறிப்புகள் ஒரே நேரத்தில் திறக்க மறுத்தால், கோப்புகளை நகலெடுக்கும்போது பிழை வந்தால், கணினி இடையிடையே உறைந்தால், இது வட்டின் பழுது. அந்த நிமிடமே எழுதுவதை நிறுத்துங்கள். மீட்பு மென்பொருள் எதையும் அதே வட்டில் நிறுவாதீர்கள், செயலியை மறுபடி நிறுவாதீர்கள், கணினியை அணைத்துவிடுங்கள். தரவு மீட்பில் பழக்கமுள்ளவரிடம் கொண்டுபோய், பெட்டகக் கோப்புறையின் பெயரையும் அது இருந்த இடத்தையும் தாளில் எழுதிக் கொடுங்கள். முதலில் அந்தக் கோப்புறை வேறு வட்டுக்கு நகலாக வேண்டும், அது கைக்கு வரும்வரை ஃபார்மேட் செய்யக்கூடாது என்று வேலையைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.